ஆக்களின்ர முகத்தை வாசிக்கத் தெரியுமாம்!

"எனக்கு ஆக்களின்ர முகத்தைப் பார்த்தாலே விளங்கிடும்."

இந்த வசனத்தை இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் என் வயதுக்காரர். மூன்று பேரும் கூட்டம் எண்டால் கை வியர்க்கிற, வகுப்பில கேள்வி கேக்காமல் பிறகு ஆரிட்டயாவது நோட்ஸ் வாங்கிப் பார்க்கிற, கலியாண வீட்டுக்குப் போனால் பந்தி முடியும்வரைக்கும் ஃபோனுக்குள்ள தலையை வைச்சிருக்கிற ரகம். இன்ஸ்டகிராமில் இந்த ரகத்துக்கு இப்ப பெரிய மரியாதை. அதிகம் பயப்படுகிறவர்கள் அதிகம் உணர்கிறவர்களாம். அதிகம் யோசிக்கிறவர்களுக்கு மற்றவர் மனது கண்ணாடி மாதிரித் தெரியுமாம். ஒரு பெண் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிற படத்தோடு வரும், பார்த்திருப்பீர்கள்.

பொய். பத்து வருசமாய் இதே பொய்யை எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தவள் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பஸ் கதை. நான் கொட்டாஞ்சேனைக்காரி. ஏ.எல். படித்த காலத்தில் ரியூசன் எல்லாம் வெள்ளவத்தையில். சனி, ஞாயிறு என்றால் 155 பஸ். மருதானை, பம்பலப்பிட்டி எல்லாம் சுற்றி, நெரிசல் இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நெரிசல் எனக்குப் பிரச்சினை இல்லை. வெள்ளவத்தை மார்க்கெற்றடி வரும்போதுதான் வயிறு இறுகும். "பஹினவா" என்று சத்தமாய்ச் சொல்லவேணும். சொன்னால் என் சிங்களத்துக்குள் தமிழ் கேட்கும். கன்டக்டர் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையில் நான் வாசித்தது இது: "ஆ, தெமள. ஒரு சொல்லு ஒழுங்காச் சொல்லத் தெரியாது, பஸ்ஸில ஏற வந்திட்டுது." அரை செக்கன் பார்வை. அதுக்குள்ள எவ்வளவு நீளமான வசனம் பாருங்கோ! வேறு யாராவது இறங்கட்டும் என்று பேசாமல் இருந்து, தெஹிவளைப் பக்கம் வரைக்கும் போய், காலி வீதி வழியே திரும்பி நடந்து வந்த நாட்கள் உண்டு. வெயிலில், கொப்பி பையோடு, பிந்தி. பிந்திப்போனால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அது அடுத்த கதை.

அந்தக் கன்டக்டர் உண்மையில் என்ன நினைத்தான்? மிச்சக் காசு கொடுத்தாச்சா என்று பார்த்திருக்கலாம். பின் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்திருக்கலாம். நான் நினைத்ததையே நினைத்தும் இருக்கலாம், கொழும்பில் அப்படியான ஆக்கள் இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. எனக்குத் தெரியாது. 'தெரியாது' என்று எழுதியிருக்கவேண்டிய இடத்தில் ஒரு முழுத் தீர்ப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன்.

மற்றவருக்கும் ஒரு மனம் இருக்கிறது, அதற்குள் ஆசையும் நினைப்பும் பிழையான நம்பிக்கையும் இருக்கும் என்று ஊகிக்கிற திறனை உளவியலில் 'தியரி ஒஃப் மைண்ட்' என்பார்கள். 1978 இல் பிரேமக், வூட்ரஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சிம்பன்சிக்கு இது இருக்கிறதா என்று கேட்டு எழுதிய கட்டுரையோடு பரவிய சொல். பிறகு ஓட்டிசம் பற்றிய ஆய்வுகளில் நிறைய அடிபட்டது. கூச்சமும் பதகளிப்பும் உள்ளவர்கள் பக்கம் இந்தக் கேள்வி திரும்பியது பிந்தித்தான். 2014 இல் ஹெஸெல், மக்நாலி என்ற இரண்டு பேர் சமூகப் பதகளிப்பு நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எடுத்து இரண்டு சோதனை வைத்தார்கள். ஒன்று, கண்களை மட்டும் காட்டுகிற 36 படங்கள். இவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லவேண்டும். மற்றது எனக்குப் பிடித்தது. ஒரு சின்னப் படம். சனிக்கிழமை பின்னேரம் நாலு பேர் ஒரு வீட்டில் சாப்பாட்டுக்குக் கூடுகிறார்கள். படத்தை இடையிடையே நிறுத்தி, இப்ப இவள் என்ன நினைக்கிறாள், அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்பார்கள். பிழையான விடைகளையும் தரம் பிரிப்பார்கள். மனதைப் பற்றி யோசிக்கவே இல்லையா, குறைவாக யோசித்தீர்களா, அல்லது தேவைக்கு மேல் யோசித்தீர்களா?

பதகளிப்புக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் எடுத்தார்கள். ஆனால் அவர்கள் பிழைத்த விதத்தைக் கவனியுங்கோ. எதிரில் இருப்பவர் உணர்ந்ததைவிடக் கூடுதலான உணர்ச்சியை அவருக்குள் கண்டார்கள், அவருடைய சொல்லில் இருந்ததைவிடக் கூடுதலான அர்த்தத்தை எடுத்தார்கள். சும்மா "சோஸை எடு" என்றவளுக்குப் பின்னால் ஒரு நாடகமே ஓடுகிறது என்று எழுதிக் கொடுக்கிற மாதிரி என்று வையுங்கோ. அதாவது நாங்கள் வாசிக்கத் தெரியாத ஆக்கள் என்றும் சொல்லமுடியாது. எழுதாத பக்கத்தையும் வாசிக்கிற ஆக்கள்.

எல்லா ஆய்வும் இதே முடிவுக்கு வரவில்லை. சிலவற்றில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கண் சோதனையிலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. பழைய சஞ்சிகைகளில் வெட்டியெடுத்த மேற்கத்தைய முகங்கள், பக்கத்தில் கடினமான ஆங்கிலப் பெயரடைகள் நாலு. அந்தச் சொல்லே தெரியாத பிள்ளை கண்ணை எப்படி வாசிச்சாலும் முட்டைதான். வெள்ளவத்தையில் ஒரு பிளற்றில் வளர்கிற பிள்ளை வீட்டில் தமிழ், லிஃப்டில் சிங்களம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் முகம் வாசிக்கிறது. அதை அளக்க ஒரு சோதனை வந்ததாக நான் கேள்விப்படவில்லை. இருந்தாலும், கூடப்போய்ப் பிழைக்கிறது என்ற அந்த ஒரு விசயம் என்னைப் பொறுத்தவரையில் சரியாய்ப் பொருந்துகிறது.

ஏன் கூடப் போகிறோம்? கிளார்க், வெல்ஸ் என்ற இரண்டு பிரித்தானிய உளவியலாளர்கள் 1995 இல் ஒரு விளக்கம் வைத்தார்கள். பதகளிப்பு வருகிற நேரம் எங்கள் கவனம் வெளியில் இருக்காது, உள்ளே திரும்பிவிடும். நெஞ்சு படபடக்கிறது, முகம் சுடுகிறது, குரல் நடுங்குகிறது. உள்ளே உணர்கிற இந்தச் சூட்டை வைத்துக்கொண்டு வெளியில் நான் எப்படித் தெரிகிறேன் என்று ஒரு படம் கீறுகிறோம். அந்தப் படத்தைத்தான் எதிரில் நிற்கிறவரும் பார்க்கிறார் என்று முடிவெடுக்கிறோம். இதை ஒருக்கா வடிவா யோசிச்சுப் பாருங்கோ. மற்றவரின் மனதை வாசிக்கிறேன் என்று பெருமை அடிக்கிற நேரத்தில் நான் அவரைப் பார்க்கவே இல்லை! என் சொந்தக் கன்னத்தின் சூட்டைத் தொட்டுப்பார்த்து அவருடைய அபிப்பிராயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு வீட்டுக்கு வந்து போஸ்ட்மோட்டம். இரவு பதினொரு மணிக்கு, லைற் நூத்தபிறகு, அண்டைக்குச் சொன்ன வசனத்தை எடுத்து வெட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு தரம் வெட்டும்போதும் அந்த முகம் இன்னும் கொஞ்சம் கோணும், சிரிப்பு நக்கலாகும். மூன்றாம் நாள் நினைவில் இருப்பது நடந்த சம்பவம் இல்லை, நான் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் கறுத்துப்போன ஒரு போட்டோக்கொப்பி.

2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வெட்கப்படக்கூடிய ஒரு ரீசேர்ட்டை, பரி மனிலோ என்ற பாடகரின் படம் போட்டதை, மாட்டிவிட்டு மற்ற மாணவர்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டதற்குப் பாதிப் பேர் மட்டில் என்றார்கள். உண்மையில் கவனித்தது காற்பங்கு மட்டில். அவர்கள் நோயாளிகளும் இல்லை, சாதாரண பிள்ளைகள். எல்லாருக்கும் இருக்கிற ஒரு கோணல் எங்களிடம் வளர்ந்து மரமாகி நிற்கிறது. அதைக் கொண்டுபோய் வரம் என்று சொல்லி விளக்கேற்றுகிறீர்கள்.

இனி ஊர்க் கதைக்கு வருகிறேன். "அப்ப இது மூளைக் கோளாறு எண்டுறியோ?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. கொழும்பில் முகம் வாசிக்கிறது ஒரு காலத்தில் பொழுதுபோக்காய் இருக்கவில்லை. வாளியைக் காட்டி "இதுக்குச் சிங்களத்தில என்ன?" என்று கேட்டு, 'பால்திய' என்ற சொல்லை ஒருவர் உச்சரிக்கிற விதத்தை வைத்துத் தமிழரைப் பிரித்தெடுத்த கதையைக் கேட்காமல் இங்கே எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வளர்வதில்லை. 1958 என்பார்கள், 83 என்பார்கள். 83 யூலையில் இதே வெள்ளவத்தையில், இதே காலி வீதியில் கடைகள் எரிந்தன. பிறகு சோதனைச் சாவடிகள், பொலிஸ் பதிவு. 2007 யூன் 7 ஆம் திகதி விடியமுன்னம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரை பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டு வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாள் இடைக்காலத் தடை போட்டது. நான் அப்போது சின்னப் பிள்ளை. 95 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியேறிய எங்கள் வீட்டில் அந்தக் கிழமை முழுக்க ரீவிச் சத்தம் குறைவாய் இருந்தது ஞாபகம். பஸ்ஸில் அம்மா என் கையை அமத்துவா. அமத்தினால் தமிழில் கதைக்கக்கூடாது என்று அர்த்தம். யாரைப் பார்த்து அமத்துகிறா என்று நான் தேடுவேன். அப்படித்தான் முகம் வாசிக்கப் பழகினேன்.

ரான்டொல்ஃப் நெஸ்ஸே என்ற மனநல மருத்துவர் இதைப் புகை எச்சரிக்கைக் கருவியோடு ஒப்பிடுவார். பாண் கருகினாலும் அது கத்தும். வீடு எரியும்போது கத்தாமல் விடுவதைவிட அது பரவாயில்லை. அம்மாவுடைய கருவி நூறு தரம் வீணாகக் கத்தியிருக்கும். ஒருதரம் சரியாய்க் கத்தியிருந்தால் போதும், கணக்கு நேர். அந்தத் தலைமுறையைப் பார்த்து "நீங்கள் ஓவர்திங்க் பண்ணுறியள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் எங்களுக்கு வசதியாய்ப் போய்விடும். "எல்லாம் யுத்தம் செய்தது" என்று சொல்லிவிட்டு ரீயைக் குடிக்கலாம். யுத்தம் மனதுக்குச் செய்ததைப் பற்றி எங்களிடம் சொற்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் புத்தகங்களே எழுதியிருக்கிறார்கள். சாவடி போய், குண்டு போய், பிறகும் ஒரு இருபது வயதுப் பிள்ளை ஒரு கடைக்குள் போய் விலை கேட்கப் பயப்படுகிறதே, அதற்கு எங்களிடம் இருக்கிற சொல் "வெக்கம்". இல்லாவிட்டால் "அடக்கமான பிள்ளை". பெட்டை என்றால் அதற்குச் சீதனத்தில் கழிவும் கிடைக்கும்.

யாரைப் பார்த்து இந்தப் பிள்ளை பயப்படுகிறது? சிங்களக் கன்டக்டரை மட்டுமா? வெள்ளவத்தை ரியூசன் வகுப்பில் எங்களுக்கு மாக்ஸ் கொடுக்கிறபோது கூடினதிலிருந்து குறைஞ்சது வரைக்கும் பெயர் சொல்லி வாசிப்பார்கள். பெயர் வர வர வகுப்பே ஒவ்வொரு முகமாய்த் திரும்பிப் பார்க்கும். கோயில் வீதியில் போகிற மாமி "என்ன, மெலிஞ்சு போனாய், சோதனை சரிவரேல்லையோ?" என்று கேட்பா. ஒரு உடுப்புப் போட முன்னம், ஒரு பாடம் தெரிய முன்னம், ஒருவனோடு கதைக்க முன்னம் எங்கள் வீடுகளில் கேட்கிற முதல் கேள்வி: "சனம் என்ன சொல்லும்?" மற்றவர் மனதுக்குள் போய், அங்கிருந்து திரும்பி எங்களைப் பார்த்து, தீர்ப்புச் சொல்லி, பிறகு வெளியில் வா என்று இரண்டு வயதிலிருந்து பயிற்சி தருகிறார்கள். அந்தச் சனத்துக்குப் பெயர் கிடையாது, ஆனால் எப்பவும் எங்களில் பிழை பிடிக்கும். இப்படி வளர்ந்த பிள்ளை எந்த முகத்தைப் பார்த்தாலும் அந்தச் சனத்தைத்தான் காணும்.

இதற்கு மருந்தாக எங்கள் பெரியவர்கள் தருகிறது ஒன்றே ஒன்று: "மேடையில ஏத்திவிடு, பயம் தெளியும்." நானும் ஏறினேன். பேச்சுப் போட்டி. முழுப் பேச்சையும் பாடமாக்கி, சபையில் ஒருவரையும் பார்க்காமல் பின்சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, கை நடுக்கம் தெரியாமல் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒப்புவித்தேன். பரிசும் கிடைத்தது. பயம் ஒரு துளி குறையவில்லை. ஏனென்றால் நான் கற்றுக்கொண்டது, "மணிக்கூட்டைப் பார்த்ததால் தப்பினேன்" என்பது. பாதுகாப்புக்காகச் செய்கிற இந்தச் சின்னச் சின்ன வேலைகள்தான் பயத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன என்பது அந்தக் கிளார்க், வெல்ஸ் சொன்ன இன்னொரு விசயம். சபையின் முகத்தைப் பார்த்திருந்தால் பாதிப் பேர் கொட்டாவி விடுவதையாவது கண்டிருப்பேன். அது எவ்வளவு ஆறுதல்! 2003 இல் செய்த ஒரு ஆய்வில், பேசப்போகிற மாணவர்களிடம் "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியில் தெரியாது" என்ற உண்மையை மட்டும் முன்கூட்டியே விளக்கினார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். எந்த ரீச்சரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. "பயப்பிடாதை" என்றுதான் சொன்னார்கள். பயப்பிடாதை என்றால் என்ன செய்யவேணும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

உதவி தேடலாம்தானே என்பீர்கள். தேடலாம். அங்கொடைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது, சுமித்ரயோ 1974 முதல் இயங்குகிறது. ஆனால் 'அங்கொடை' என்ற ஊரின் பெயரையே வசைச்சொல்லாகப் பாவிக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கும்வரைக்கும், "மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்" என்பதையே வியாதியாகக் கொண்ட ஒருவர் அங்கே எப்படி ஃபோன் எடுப்பார்?

இனி நான் எழுதத் தயங்கின பகுதி.

எனக்கு ஒரு சினேகிதி இருந்தாள். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ரியூசன் போவோம். "பஹினவா" சொல்கிறது எப்பவும் அவள்தான். ஒருநாள் வகுப்பில் அவள் ஏதோ கேட்கும்போது "என்னட" என்றாள். 'என்ர' சொல்கிற வெள்ளவத்தைப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் ஆக்களுக்குள் இந்த ஏற்ற இறக்கமும் இருக்கிறது, தெரியும்தானே. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் சிரித்தேன். கொஞ்ச நாளில் அவள் என்னோடு கதைப்பது குறைந்தது. நான் உடனே வாசித்து முடித்துவிட்டேன்: அவள் என்னை வெறுக்கிறாள், எல்லாரிடமும் சொல்லிவிட்டாள், அவளுடைய அம்மாவுக்கும் தெரியும். அவர்களுடைய ஒழுங்கையைத் தவிர்க்க ஜம்பட்டா வீதியால் சுற்றிப் போவேன். வட்ஸ்அப்பில் அவளுடைய நீலச் சரிக்குறி ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு உரை இருந்தது. இரண்டு வருசம்.

போன வருசம் கேட்டேன். நேரே கேட்கத் துணிவு வரவில்லை, குரல் பதிவுதான் அனுப்பினேன், ஏழு தரம் அழித்துவிட்டு. அவள் பதில் அனுப்பினாள். ஓம், கோபம்தானாம். ஆனால் சிரித்ததற்கு இல்லை, அது அவளுக்கு ஞாபகத்திலேயே இல்லை. அவளுடைய அம்மம்மா செத்தபோது நான் செத்த வீட்டுக்குப் போகவில்லை. அதுதான்.

போகவில்லை, உண்மை. வாசலில் நிற்கிற ஆம்பிளைகளைத் தாண்டி உள்ளே போகவேணும், அழுகிறவர்களிடம் என்ன சொல்லவேணும் என்று தெரியாது, எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்து வீட்டில் இருந்துவிட்டேன். "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று ஒரு மெசேஜ், கைகூப்புகிற படத்தோடு. சின்ன வயதில் எனக்குப் பிட்டும் முட்டைப் பொரியலும் தந்த மனிசி அது.

பாருங்கோ, கோபம் இருக்கிறது என்று வாசித்தது சரி. உங்களில் பலருக்கும் இப்படி அரைவாசி சரியாய் வரும், அதனால்தான் இந்தப் பொய் இவ்வளவு நாள் நிற்கிறது. ஏன் கோபம் என்பதைக் கேட்காமல் நானே எழுதிக்கொண்டேன். நான் எழுதின கதையில் ஆரம்பம் முதல் கடைசிவரை நான்தான் இருந்தேன். அவளுடைய அம்மம்மா செத்தது அதில் ஒரு வரியும் இல்லை. இதையா நுண்ணுணர்வு என்கிறீர்கள்? இரண்டு வருசம் ஒருத்தியைப் பற்றி நாளும் பொழுதும் யோசித்திருக்கிறேன். அவள் துக்கத்தில் இருந்தாள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அதனால், "நான் ஆக்களை நல்லா வாசிப்பன்" என்று இனி என்னிடம் சொல்ல வருகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: கடைசியாய் நீங்கள் வாசித்ததைச் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுச் சரிபார்த்தது எப்போது? உங்கள் பதிவுக்குக் கீழே இதயம் போட்டவர்களிடம் இல்லை, அவரிடம்.

போன மாதம் அவளுடைய வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் சுட்டது. அவளுடைய அம்மா கதவைத் திறந்து, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்க மகள்" என்று சொல்லி உள்ளே போய் ரீ போட்டுக்கொண்டு வந்தா. அம்மம்மாவின் படம் ரீவிக்கு மேலே, மாலை போட்டு. நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவளுடைய அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தா. என்ன நினைத்தாவோ, தெரியாது. ரீயில் சீனி கூட.